செட்டிநாட்டுப் போர்வெல் தண்ணீரில் நீச்சல் குளம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

பின்கட்டை ஒட்டியோ தோப்புக்குள்ளோ சின்னதாக ஒரு நீச்சல் குளம் கட்டுவது காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் இப்போது புதிதல்ல. கட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரர் ஒரு டப்பா குளோரின் மாத்திரையைக் கையில் கொடுத்து, "வாரம் ரெண்டு போடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார். சில மாதத்தில் தண்ணீர் மங்கும். ஓரத்து டைல்ஸில் வெள்ளை வரி படியும். பிள்ளைகளுக்குக் கண் எரியும். உடனே வீட்டில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: மருந்தை இன்னும் அள்ளிப் போடு.

போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நம் பக்கத்துக் குளங்களில் தொல்லை பெரும்பாலும் நிரப்பிய தண்ணீரிலிருந்தே வருகிறது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் காரத்தன்மையும் ஏற்கெனவே ஏறிப்போய்க் கிடக்கின்றன. அவற்றைச் சரி செய்யாமல் எவ்வளவு குளோரின் போட்டாலும் பாதி வீண். மழையும் குளிரும் உள்ள நாடுகளுக்காக எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால், இங்கே கால்சியம் சேர்க்கவும் காரத்தை ஏற்றவும் சொல்லும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

முதல் வேலை: நிரப்பும் தண்ணீரைப் பரிசோதிப்பது

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவை ஊரறிந்தது. அதே வட்டாரத்தில் இன்னொரு ஊர்ப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் அடுத்த வீட்டுக்காரர் சொல்லும் அளவு உங்களுக்குப் பொருந்தாது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் காரை கட்டியிருந்தால் கடினத்தன்மை கூடுதல் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சரியான எண் வேண்டுமானால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அறிக்கையில் நான்கு வரிகளைத் தேடுங்கள்: மொத்தக் காரத்தன்மை, மொத்தக் கடினத்தன்மை, பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), இரும்பு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். அந்த 600 குடிக்கத் தகுதியானதுதான். ஆனால் குளத்தில் விட்டால் ஃபில்டரிலும் டைல்ஸிலும் காரை கட்டும். லிட்டருக்கு மில்லிகிராம் என்பதும் பி.பி.எம். என்பதும் இங்கே ஒரே அளவு.

செம்புறாங்கல் பூமி என்பதால் இரும்பைத் தனியாகப் பாருங்கள். வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை குளோரின் தூளைக் கரைத்து, ஓர் இரவு விடுங்கள். காலையில் தண்ணீர் பழுப்பேறி அடியில் துருநிற மண்டி படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரை நேரே குளத்தில் விட்டுக் குளோரின் போட்டால், புதுச் சுவரெல்லாம் கறையாகிவிடும். தொட்டியில் மேலிருந்து கொட்டிக் காற்றுப்பட வைத்து, தெளிய விட்டு, பிறகு மேல்தண்ணீரை மட்டும் குளத்துக்கு ஏற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் லாரித் தண்ணீர்தான் வழி. லாரித் தண்ணீரையும் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

குளம் எத்தனை லிட்டர்?

இது தெரியாமல் எந்த மருந்தும் போட வேண்டாம். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். அடிக்கணக்கு என்றால் மூன்றையும் பெருக்கி 28.3 ஆல் பெருக்க வேண்டும். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒரு பக்கம் ஒரு மீட்டர், மறுபக்கம் ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.25, மொத்தம் 40,000 லிட்டர். இனி வரும் அளவுகளெல்லாம் இந்த 40,000 லிட்டர் குளத்துக்கு. உங்கள் குளம் பாதி என்றால் மருந்தும் பாதி.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும்: 1000 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் ஒரு பி.பி.எம். ஏறும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது குளத்துக்கு இன்னும் பொருந்தும். சமையலறைத் தராசு ஒன்றையும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றையும் இதற்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.

டெஸ்ட் கிட்

நிறம் மாறும் தாள்களைவிடச் சொட்டு மருந்துக் கிட் நம்பகமானது. வாங்கும்போது டி.பி.டி. (குளோரின் பட்டால் இளஞ்சிவப்பாகும் மருந்து) முறையில் குளோரின் பார்க்கும் கிட்டாகக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான கிட் மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, செத்துப்போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. காரத்தன்மை, கால்சியம், சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரினைக் காக்கும் நிலைப்படுத்தி) மூன்றுக்கும் சொட்டு மருந்து உள்ள கிட் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள். சொட்டு மருந்தை வெயிலில் வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதிது மாற்றுங்கள்.

மாதிரித் தண்ணீரை மேல்மட்டத்தில் அள்ளக்கூடாது. முழங்கை ஆழத்துக்குக் குப்பியைத் தலைகீழாக இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாய் வாய்க்குப் பக்கத்திலும் எடுக்காதீர்கள்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டி.பி.டி. மருந்து போட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு ஒரு நொடி மின்னி, உடனே வெளுத்துவிடும். "குளோரினே இல்லை" என்று நினைத்து மேலும் போடுவார்கள். சொட்டு விழும் கணத்தைக் கண்ணிமைக்காமல் பாருங்கள். சந்தேகம் என்றால் குளத்து நீரோடு நாலு பங்கு கேன் தண்ணீர் கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். அதேபோல் குளோரின் எக்கச்சக்கமாக இருக்கும்போது பி.எச். மருந்தும் ஊதாவாகி ஏமாற்றும். குளோரின் இறங்கும் வரை பி.எச். பார்க்க வேண்டாம்.

காரத்தன்மை: இங்கேதான் பாதி வேலை

மொத்தக் காரத்தன்மை என்பது பி.எச். சட்டென்று ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் சக்தி. 80 முதல் 120 பி.பி.எம். வரை இருந்தால் நல்லது. போர் தண்ணீரில் 250, 300 என்று இருக்கும்போது என்ன ஆகும்? நீங்கள் ஆசிட் போட்டு பி.எச்.ஐ இறக்குவீர்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேற வெளியேற, இரண்டு நாளில் பி.எச். மறுபடி 8.2க்கு ஏறி நிற்கும். வாரக்கணக்கில் ஆசிட் வாங்கிக் கொட்டி அலுத்துப் போகிறவர்கள் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள்.

பி.எச். ஏறினால் குளோரினுக்கு வலு குறையும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.2ல் குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவில் இருக்கும், 7.5ல் பாதி, 8.0ல் கால் பங்குகூட இருக்காது. இது நிலைப்படுத்தி சேர்க்காத தண்ணீருக்கான கணக்கு. பி.எச்.ஐ 7.2க்கும் 7.6க்கும் நடுவில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

காரத்தை இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். கெமிக்கல் கடையில் 30 சதவீதத்துக்கு மேல் வலுவுள்ளதாக வாங்குங்கள். கழிப்பறை கழுவ விற்கும் மஞ்சள் ஆசிட் வேண்டாம். வலுவும் தெரியாது, அதில் இரும்பும் கலந்திருக்கும். 40,000 லிட்டரில் காரத்தன்மை 10 பி.பி.எம். இறங்க ஏறத்தாழ 800 மில்லி ஆசிட் வேண்டும். 250லிருந்து 90க்கு வர மொத்தம் 13 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் கூடாது. பம்பை ஓடவிட்டு நாலு மணி நேரம் கழித்து பி.எச். பாருங்கள். 7.2ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் குழாய் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர் பொங்கித் தெறிக்கும்படி விடுங்கள். செயற்கை அருவி இருந்தால் அதை ஓட்டுங்கள். காற்றுப்பட்டதும் பி.எச். தானாக ஏறும், ஆனால் காரத்தன்மை ஏறாது. பி.எச். 7.6 தாண்டியதும் மறுபடி ஆசிட். இப்படி ஏற்றி இறக்கி ஒரு வாரம், பத்து நாளில் 90க்கு வந்துவிடலாம். பொறுமையாக இதை ஒருமுறை செய்துவிட்டால், அப்புறம் ஆண்டு முழுக்க ஆசிட் செலவு குறையும்.

மழைக்குப் பிறகு மட்டும் சில சமயம் காரத்தன்மை 80க்குக் கீழே போகும். அப்போது சமையல் சோடா. 10 பி.பி.எம். ஏற்ற 670 கிராம் போதும்.

ஆசிட்டும் ஆத்தங்குடிக் கல்லும்

குளத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கண்ணாடி மேல் சிமெண்டும் ஆக்சைடு வண்ணமும் வார்த்துச் செய்கிற கல் அது, சூளையில் சுட்டதல்ல. ஒரு சொட்டு ஆசிட் விழுந்தால் நுரைத்து, அந்த இடம் பளபளப்பு போய், விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் பழைய மெருகு வராது. இத்தாலி மார்பிளும் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் ஆசிட்டுக்குத் தாங்காது, கருங்கல் தாங்கும். ஆசிட் கேனைக் கல்லின் மேல் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தில் வைத்துத் திறங்கள். குளத்தைச் சுற்றிய தரையை முதலில் நிறையத் தண்ணீர் விட்டு நனைத்துவிடுங்கள்.

கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு. காற்று முதுகுப்பக்கம் அடிக்க நில்லுங்கள். முதலில் வாளியில் தண்ணீர், அப்புறம் ஆசிட். ஒருக்காலும் மாற்றிச் செய்யாதீர்கள். ஆழமான பக்கத்தில், பம்ப் ஓடும்போது, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் தூளும் டி.சி.சி.ஏ. (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) என்னும் குளோரின் மாத்திரையும்கூட ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை அள்ளிய கரண்டியால் மற்றதை அள்ளுவதும் ஆபத்துதான். வெளியே நிழலில், பூட்டு போட்ட, காற்றோட்டமான இடம் வேண்டும். தேக்குக் கதவும் பித்தளைச் சாமானும் உள்ள அறையில் ஆசிட் வைத்தால் அதன் ஆவியிலேயே பித்தளை பச்சையாகிவிடும்.

கடினத்தன்மை: நீக்க முடியாது, அடக்கி வைக்கலாம்

கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 வரை இருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் தண்ணீரில் 500 இருந்தால் பதற வேண்டாம். காரை கட்டுமா கட்டாதா என்பதை பி.எச்., காரத்தன்மை, கால்சியம், வெப்பம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். 1936ல் லாங்கலியர் வகுத்த குறியீடு இதைக் கணக்கிடத்தான். கூட்டல் 0.3க்கும் கழித்தல் 0.3க்கும் நடுவில் வந்தால் சமநிலை. 30 டிகிரி வெப்பத்தில், கால்சியம் 500, காரம் 250, பி.எச். 7.8 என்றால் குறியீடு 1.1 அளவுக்குப் போகும். நிச்சயம் காரை கட்டும். அதே கால்சியம் 500ஐ அப்படியே விட்டு, காரத்தை 80க்கும் பி.எச்.ஐ 7.4க்கும் இறக்கினால் 0.2. கால்சியத்தில் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை, தண்ணீர் சமநிலைக்கு வந்துவிட்டது. மேலே காரத்தன்மைக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் கால்சியம் மாதாமாதம் ஏறும். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால், நம் குளத்தில் மாதத்துக்கு 5,800 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும். 500 பி.பி.எம். போர் தண்ணீரையே மறுபடி நிரப்பினால் ஒரு மாதத்தில் 70 பி.பி.எம். கூடுகிறது. சித்திரையில் தொடங்கினால் ஆடி கழிவதற்குள் 800ஐ நெருங்கிவிடும்.

இதற்கு நம் வீடுகளிலேயே விடை இருக்கிறது. ஓட்டுக்கூரையில் விழும் மழையை முற்றத்துக்கு இறக்கிச் சேமிக்கிற பழக்கம் நமக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. மழைத் தண்ணீரில் கால்சியம் அநேகமாக இல்லை. 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் வரை வரும். முதல் மழையில் ஓட்டிலுள்ள தூசியும் புறா எச்சமும் போக விட்டு, அடுத்த மழையை வடிகட்டித் தொட்டியில் சேர்த்து, குளத்துக்கு விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளத்து நீரில் ஒரு பங்கை வடித்துவிட்டு மழை நீரால் நிரப்பினால் கால்சியம் நன்றாகக் குறையும். மழைக்காலத்தில் குளத்தை முழுக்க மட்டும் வடிக்காதீர்கள். நிலத்தடி நீர் ஏறி, வெறும் குளத்தையே தூக்கிவிடும். வடிக்கும் தண்ணீரை ஊருணிக்கோ கிணற்றுப் பக்கமோ விடவே கூடாது. அது ஊர்ச் சொத்து.

எந்தக் குளோரின்?

ஒரு பி.பி.எம். ஏற்ற, 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் 60 கிராம், 90 சதவீத டி.சி.சி.ஏ. 45 கிராம், 10 சதவீதத் திரவ ஹைப்போகுளோரைட் 400 மில்லி வேண்டும். சாதாரண பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு மண்டி அடியில் தேங்கும்.

கால்சியம் ஹைப்போ நம் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை இன்னும் கூட்டும். டி.சி.சி.ஏ. மாத்திரை அமிலத்தன்மை உள்ளது. காரம் மிகுந்த நம் தண்ணீருக்கு அது ஒரு வகையில் உதவி. ஆனால் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். இந்த நிலைப்படுத்தி வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும்; அது இல்லாத குளத்தில் உச்சிவெயில் ஒரு மணி நேரத்தில் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். 30 முதல் 50 வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். இறக்கவும் தண்ணீரை மாற்றுவதைத் தவிர நடைமுறையில் வழியில்லை. அதனால் என் யோசனை: மாத்திரையில் தொடங்குங்கள், சயனூரிக் அமிலம் 50ஐத் தொட்டதும் திரவக் குளோரினுக்கு மாறிவிடுங்கள். திரவம் வெயிலில் வலுவிழக்கும், சின்ன கேனாக வாங்குங்கள்.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியும் கிடைக்கிறது. உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரிக்கும் வேலைதான் அது; 1953ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்ட காரைக்குடியில் இதைப் பற்றி விளக்கம் கேட்க ஆள் கிடைக்காமல் போகாது. கடினத் தண்ணீரில் அதன் தகடுகளில் காரை கட்டும், பி.எச்.உம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குளோரினைப் பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். நிலைப்படுத்தி உள்ள குளத்தில் 2 முதல் 4 பி.பி.எம். இருக்க வேண்டும். பம்ப் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடட்டும். மணல் ஃபில்டரின் அழுத்தம், கழுவி முடித்தபோது இருந்ததைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுங்கள். குளோரினும் பி.எச்.உம் வாரத்தில் மூன்று நாளாவது, காரத்தன்மை வாரம் ஒருமுறை, கால்சியமும் சயனூரிக் அமிலமும் மாதம் ஒருமுறை. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

விசேஷ நாள்கள்

கல்யாணம், படைப்பு, தீபாவளி என்று உறவெல்லாம் கூடும்போது குளத்தில் ஒரே நாளில் நாற்பது பேர் இறங்குவார்கள். தலையில் நல்லெண்ணெய், உடம்பில் மஞ்சளும் சந்தனமும். எண்ணெய் குளோரினைத் தின்னும், ஃபில்டர் மணலைப் பிசுபிசுப்பாக்கும். சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று வீட்டு ஆச்சி ஒரு சத்தம் போட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். குளிக்கும் இடத்தைக் குளத்துக்குப் போகும் வழியிலேயே கட்டிவிடுவது இன்னும் நல்லது.

அன்று மாலை குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், "குளோரின் ஜாஸ்தி" என்பார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உருவான குளோரமினின் வாடை அது. கண் எரிவதும் அதனால்தான். மொத்தக் குளோரினிலிருந்து வேலை செய்யும் குளோரினைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 0.5க்கு மேல் இருந்தால், அதைப் போல் பத்து மடங்கு குளோரினை இரவில் ஒரேயடியாகப் போட வேண்டும். மிச்சம் 0.8 என்றால் 8 பி.பி.எம்.; திரவமாக 3.2 லிட்டர். 4க்கு இறங்கும் வரை யாரும் இறங்கக்கூடாது.

பூட்டிய வீட்டுக் குளம்

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வருஷத்தில் சில வாரம் மட்டும் வருகிறவர்கள், பம்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நின்ற தண்ணீரில் குளோரின் தீர்ந்ததும் பாசியும் கொசுப்புழுவும் வரும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சோதனை முறையைச் சொல்லிக் கொடுங்கள். "தண்ணி பளிங்கு மாதிரி இருக்குங்கய்யா, எதுக்கு மருந்து?" என்று கேட்பார். பளிங்காக இருக்கும்போதே குளோரின் பூஜ்யமாக இருக்கலாம் என்பதைக் கிட்டில் காட்டிவிடுங்கள். சோதனைக் குப்பியை வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், நீங்கள் அங்கிருந்தே அளவு சொல்லலாம்.

பச்சையாகிவிட்ட குளத்துக்கு: பி.எச்.ஐ முதலில் 7.2க்குக் கொண்டு வாருங்கள். இலை, சேறு எல்லாம் வாரி, சுவரையும் மூலைகளையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, குளோரினை 10 பி.பி.எம்.க்கு ஏற்றி, இறங்க இறங்க மறுபடி ஏற்றிக்கொண்டே இருங்கள். பம்ப் இரவு பகலாக ஓடட்டும், ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள். பச்சை போய்ச் சாம்பல் நிறமாகும், பிறகு தெளியும். பல நாள் பிடிக்கும் என்பதால், ஊருக்கு வரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கச் சொல்லிவிடுங்கள்.

வந்ததும் கிட்டில் அளவுகளைப் பாருங்கள். பிறகு கரையில் நின்று, ஆழமான பக்கத்தின் அடியிலுள்ள வடிகால் மூடியைப் பாருங்கள். அதன் துளைகள் தெளிவாகத் தெரியாவிட்டால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கு யாரையும் இறக்காதீர்கள். மங்கிய தண்ணீரில் ஒரு பிள்ளை மூழ்கினால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.